மடியில் ஏறிய குப்பையை எங்கே இறக்குவது?

(மீன்வள மாணவர்களும் மீனவர் சங்கப் பொறுப்பாளர்களும் கடலோர ஊராட்சி உறுப்பினர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலில் சேரும் குப்பையைக் குறைப்பதில் மீனவர்களை எப்படிப் பங்கேற்கச் செய்வது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. உலகம் முழுவதையும் சுற்றி வந்து பேசலாம். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவதே எனக்கு உவப்பாக இருக்கிறது. கொல்லம் நகரத்துக்குச் சற்று வடக்கே, அஷ்டமுடிக் காயல் கடலில் சேரும் முகத்துவாரத்தின் ஒரு கரையில் நீண்டகரை, மறுகரையில் சக்திகுளங்கரை. இந்த ஊர்ப்பெயர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதியவை அல்ல. நம் கடற்கரை ஊர்களிலிருந்து அங்குள்ள விசைப்படகுகளுக்குத் தொழிலுக்குப் போய் வருகிறவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள்.

இந்திய எந்திர மீன்பிடிப்பு வேர்விட்ட இடங்களில் நீண்டகரை முக்கியமானது. 1952இல் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தின்படி அடுத்த ஆண்டே இந்தோ - நார்வே திட்டம் அங்கே தொடங்கியது. எந்திரம் பொருத்திய படகு, ஐஸ் தொழிற்சாலை, பிற்பாடு இறாலுக்கான இழுவலை என்று ஒவ்வொன்றாக வந்தன. அதோடு நைலான் நூலும் வந்தது. அதுவரை நம் கரைகளில் வலை என்றால் பருத்தி நூல், சணல் நூல். அதற்குக் கஷாயம் ஏற்ற வேண்டும், வெயிலில் உலர்த்த வேண்டும், அப்படியும் சீக்கிரம் இற்றுப்போகும். கடலில் தவறிப்போனால் சில மாதங்களில் மக்கிவிடும். நைலான் மக்காது. அதுதான் அதன் பெருமை என்று சொல்லி அரசுகளே மானியம் கொடுத்து மீனவர் கையில் அதைக் கொடுத்தன. வலையில் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தது மீனவர் மட்டும் எடுத்த முடிவல்ல என்பதை இங்கே முதலில் பதிவுசெய்துகொள்கிறேன். ‘கடலைக் கெடுப்பவனே மீனவன்தான்’ என்று யாராவது பேசத் தொடங்கினால் இந்த வரலாற்றை அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

இழுவைப் படகில் மடி ஏறும் நேரத்தைப் பார்க்காதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விவரிக்கிறேன். இரண்டு மூன்று மணி நேரம் அடித்தரையில் இழுத்த பிறகு வின்ச் சுற்றத் தொடங்கும். கம்பி வடம் ஏறி, பலகைகள் இரண்டும் படகின் பின்புறத்தில் மோதி நிற்கும். பிறகு வலையின் உடல், கடைசியில் மீன் சேரும் பைபோன்ற வால்பகுதியான மடி. மடியைத் தூக்கித் தளத்துக்கு மேலே நிறுத்தி, ஒருவர் குனிந்து அடிமுடிச்சை உருவுவார். அவ்வளவுதான், கரிக்காடி இறாலும் கிளிமீனும் கணவாயும் நண்டும் சேறும் சிப்பி ஓடும் ஒன்றாகச் சரிந்து தளம் நிறையும். அந்தக் குவியலுக்குள்தான் நம் வீட்டுப் பொருள்களும் இருக்கும். பால் கவர், ஷாம்பூ பாக்கெட், ஒற்றைச் செருப்பு, அரிசிச் சாக்கு, தண்ணீர் பாட்டில், யாரோ இழந்த வலையின் ஒரு முழம். பால் கவருக்குள் சேறு புகுந்து கனத்துக் கிடக்கும். அதன் வாயைப் பிரித்தால் உள்ளே சிறு நண்டு இருக்கும். தொழிலாளிகள் குந்தி உட்கார்ந்து வகை பிரிப்பார்கள். இறால் ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, கழிவு மீன் ஒரு பக்கம். பிளாஸ்டிக்கை என்ன செய்வது?

பல ஆண்டுகளாக அதற்கு ஒரே வழிதான் இருந்தது: திரும்பக் கடலிலேயே தள்ளிவிடுவது. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு விசைப்படகுத் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள், ‘கரைக்குக் கொண்டாந்தா எங்க போடச் சொல்லுதிய?’ என்பார். நியாயமான கேள்வி. மீன் இறங்குதளத்தில் ஏலம் நடந்துகொண்டிருக்கும். அங்கே நாற்றமடிக்கும் குப்பை மூட்டையை வைத்தால் வியாபாரி திட்டுவார். வெளியே போட்டால் உள்ளாட்சி திட்டும். படகிலேயே வைத்திருந்தால் அடுத்த பாட்டுக்கு, அதாவது அடுத்த மீன்பிடிப் பயணத்துக்கு, ஐஸ் வைக்க இடம் போய்விடும். இத்தனைக்கும் குப்பை அவருக்கு நட்டம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மடியின் கண்ணைக் கவர்கள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேறாது, இழுவை கனக்கும், டீசல் கூடுதலாகச் செலவாகும், நடுவில் மாட்டிய மீன் நசுங்கி விலை இறங்கும். வகை பிரிக்கும் நேரமும் நீளும். கடல் குப்பையால் தினமும் கைக்காசை இழக்கும் மனிதருக்கு அதன் தீமையை விளக்கத் துண்டறிக்கை கொடுப்பது என்னால் ஒத்துக்கொள்ள முடியாத வேலை. அவருக்குக் குறைவாக இருந்தது விழிப்புணர்வு அல்ல, குப்பையை இறக்கி வைக்க ஓர் இடம்.

2017இல் நீண்டகரையில் அந்த இடம் கிடைத்தது. ‘சுசித்வ சாகரம்’ என்று பெயர். அப்போது கேரளத்தின் மீன்வள அமைச்சராக இருந்த ஜெ. மெர்சிக்குட்டி அம்மா முன்னெடுத்த திட்டம். மீன்வளத் துறை, துறைமுகப் பொறியியல் துறை, கேரள அரசின் தூய்மை அமைப்பான சுசித்வ மிஷன், கடல்பொருள் ஏற்றுமதி வாரியத்தின் நெட்ஃபிஷ், படகு உரிமையாளர் சங்கங்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்தன. திட்டத்தின் உள்ளடக்கம் மிக எளிது. படகுகளுக்குப் பெரிய நைலான் பைகள் கொடுக்கப்பட்டன. மடியில் வரும் பிளாஸ்டிக்கை அதில் போட்டுக் கட்டி வைத்து, கரை சேர்ந்ததும் துறைமுகத்திலேயே ஒப்படைக்கலாம். அதைப் பிரிக்க, கழுவ, உலர்த்தப் பெண்கள். நொறுக்க ஓர் எந்திரம். நொறுங்கிய பிளாஸ்டிக் சாலை போடப் போகும். முதல் பத்து மாதங்களில் மீனவர்கள் கரை சேர்த்தது 25 டன். அதில் பையும் பாட்டிலுமே 10 டன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு இதைப் பற்றி எழுதியபின் உலகமெங்கும் செய்தியானது. 2022இல் கேரள அரசு இதே எண்ணத்தை விரித்து ‘சுசித்வ சாகரம் சுந்தர தீரம்’ என்ற பெயரில் கரையோரம் முழுவதற்குமான திட்டமாக அறிவித்தது.

ஆண்டுக்குப் பல லட்சம் டன் பிளாஸ்டிக் கடலில் விழுகிறதே, 25 டன் எந்த மூலைக்கு என்று கேட்கலாம். 2010ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு ஒன்று 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன் வரை என்கிறது. அதனோடு ஒப்பிட்டால் 25 டன் தெரியவே தெரியாது. நான் வேறு விதமாகக் கணக்குப் பார்க்கிறேன். இந்த 25 டன்னை எடுக்கத் தனியாக ஒரு கப்பலும் விடப்படவில்லை, ஒரு லிட்டர் டீசலும் கூடுதலாக எரியவில்லை. ஏற்கெனவே தளத்துக்கு ஏறிவிட்டதைத் திரும்பத் தள்ளாமல் இருந்தார்கள், அவ்வளவே. ஒரே ஒரு துறைமுகத்தில், பத்தே மாதத்தில். நம் பக்கம் காசிமேடு, நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி, சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாவற்றிலும் மடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தத் திட்டத்தில் என்னை அதிகம் ஈர்த்தது படகல்ல, கரையிலிருந்த கொட்டகை. சாஃப் என்று சுருக்கி அழைக்கப்படும் மீனவப் பெண்கள் உதவிச் சங்கத்தின் வழியாக அங்கே பெண்களுக்கு வேலை கிடைத்தது. கடலிலிருந்து வரும் பிளாஸ்டிக் வீட்டுக் குப்பை போன்றதல்ல. உப்பு ஏறியிருக்கும், சேறு படிந்திருக்கும், சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கும், மீன் நாற்றம் இருக்கும். அதை அப்படியே எந்திரத்தில் போட்டால் கத்தி மழுங்கும். எனவே முதலில் தட்டி உதறி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் பரப்பி, பிறகு கையால் இனம் பிரிக்க வேண்டும். எது எந்தப் பிளாஸ்டிக் என்பதைக் கசக்கிப் பார்த்தும் ஒலியைக் கேட்டும் கண்டுகொள்ளக் கை பழக வேண்டும். மொறமொறவென்று சத்தம் போடுவது ஒரு வகை, மெத்தென்று இழுபடுவது இன்னொரு வகை. பருவமழைக் காலத்தில் உலர்த்துவதே பெரும்பாடு. அறிக்கைகளில் இந்த வேலையின் நுணுக்கம் அதிகம் இடம்பெறாது. ஆனால் இந்தக் கைகள் இல்லையென்றால் படகிலிருந்து வந்த பை துறைமுகத்தின் மூலையில் மலையாகக் கிடந்து நாறும், மறுமாதமே மீனவர் பையைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்.

பிரிப்பது ஏன் அத்தனை முக்கியம்? இங்கே மதுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலையில் பிளாஸ்டிக்கைச் சேர்க்கும் முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஜல்லியை ஏறத்தாழ 160, 170 டிகிரி வரை சூடாக்கி, நொறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய பூச்சாகப் படியும். அதன்மேல் தார் ஊற்றினால் பிடிப்பு கூடும். ஒற்றைத்தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். பைகளும் கவர்களும் அந்தச் சூட்டில் நன்றாக உருகும். ஆனால் நைலான் உருக 220 டிகிரி வேண்டும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு 250க்கும் மேல். பி.வி.சி.யைச் சூடாக்கினால் அமில வாயு கிளம்பும், அதைச் சேர்க்கவே கூடாது. ஆகவே பாட்டில் ஒரு வழி, கவர் ஒரு வழி, வலை இன்னொரு வழி போக வேண்டும். எல்லாவற்றையும் சாலையில் போட்டுவிடலாம் என்பவர்கள் இந்தக் கொட்டகையை எட்டிப் பார்த்ததில்லை. சாலையில் போட்ட பிளாஸ்டிக் தேய்ந்து எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. அதை ஆராய வேண்டிய பொறுப்பு இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுடையது.

வலை என்று சொன்னேன். மீனவர் பங்கைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது நேர்மையாகாது. கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்கில் மிகவும் கொடியது தவறிப்போன வலை. தங்கூஸ் என்னும் ஒற்றை இழை வலை கடலில் தனியாகக் கிடந்தாலும் அதன் தொழிலை நிறுத்துவதில்லை. மீன் மாட்டும், சாகும், அதைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும். பங்குனி ஆமை மூச்செடுக்க மேலே வர முடியாமல் சிக்கிச் சாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள் இருக்கின்றன. அங்கே போர்த்திக் கிடக்கும் வலை, வெளிச்சத்தை மறைத்தும் அலைக்கு அலை உரசியும் பவளத்தைக் கொல்கிறது. அதை எடுப்பதும் எளிதல்ல. மேலேயிருந்து பிடித்து இழுத்தால் பவளக் கிளையோடு பிய்ந்து வரும். கீழே முங்கி, கத்தியால் கண்ணி கண்ணியாக அறுத்து, பகுதி பகுதியாகத்தான் எடுக்க வேண்டும். நீரோட்டமும் பாரின் போக்கும் தெரிந்த முங்கு தொழிலாளிகளைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்?

மீனவர் வலையை வேண்டுமென்றே கடலில் விடுவது அரிது. வலை என்பது கடன். நகையை அடகு வைத்தும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியும் வாங்கிய பொருள் அது. இரவில் விரித்த வலைமேல் விசைப்படகு ஏறிப் போகும். நீரோட்டம் மாறிப் பாரில் மாட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் உயிரைப் பார்ப்பதா வலையைப் பார்ப்பதா? சில நேரம் தொலைந்த இடம் தெரிந்தாலும், தேடிப் போக டீசலுக்குக் காசில்லாமல் விட்டுவிடுவார்கள். கிழிந்த துண்டுகளைப் பழுதுபார்க்கும்போது வெட்டிக் கரையிலேயே போட்டுவிட, அவற்றை அலை இழுத்துப் போவதும் உண்டு. இது ஒப்புக்கொள்ள வேண்டிய பழக்கம். தண்ணீர் பாட்டில், டீ கப், ஆயில் டப்பா, உடைந்த தெர்மாகோல் பெட்டி, இவையும் படகிலிருந்து போகின்றன. பத்து நாள் தங்கல் தொழிலுக்குப் போகும் படகு ஒரு லிட்டர் பாட்டில்களுக்குப் பதிலாக இருபது லிட்டர் கேன் எடுத்துப் போனாலே பாதி குறையும். நீலகிரியில் 2022 முதல் காலி மதுப்பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்றதும் காட்டில் கிடந்த பாட்டில்கள் கடை தேடி வரத் தொடங்கியதை அறிவோம். துறைமுகத்தில் படகுக்கு ஏற்றும் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்வதில் என்ன தடை?

தொலைந்த வலைகளின் அளவு பற்றி ஒரு எண் உலகமெல்லாம் சுற்றுகிறது: ஆண்டுக்கு 6,40,000 டன். 2009இல் வந்த ஓர் அறிக்கையிலிருந்து எடுத்து எல்லோரும் எழுதுகிறார்கள். தோண்டிப் பார்த்தால் அதன் அடியில் இருப்பது 1975ஆம் ஆண்டின் ஒரு பழைய மதிப்பீடும், அதில் பத்து விழுக்காடு என்ற ஓர் ஊகமும். அதைவிட நம்பத்தக்க கணக்கு 2022இல்தான் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? ஏழு நாடுகளில் சுமார் 450 மீனவர்களிடம் நேரில் உட்கார்ந்து, ஆண்டுக்கு எவ்வளவு வலை, எவ்வளவு தூண்டில் கயிறு போகிறது என்று கேட்டார்கள். பயன்படுத்தும் தளவாடங்களில் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆண்டுதோறும் கடலில் போகிறது என்று தெரிந்தது. ஆயிரங்கொக்கித் தூண்டிலின் தாய்க்கயிறு மட்டுமே 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் ஊகித்துக்கொண்டிருந்த விஷயத்தை, மீனவரைக் கேட்டதும் அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதற்குக் காரணம், சொன்னால் அபராதம் வராது என்ற நம்பிக்கை இருந்ததாகத்தான் இருக்கும். வலைக்கு அடையாளம் இடுவது பற்றி ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண் அமைப்பு 2018இல் ஏற்ற வழிகாட்டுதல்களும் தொலைந்ததை அறிவிப்பதையும் மீட்பதையுமே வலியுறுத்துகின்றன. ‘வலை தொலைந்தது’ என்று சொல்லும் மீனவரைக் குற்றவாளியாக நிறுத்தும் ஊரில் எந்த மீனவரும் வாயைத் திறக்கமாட்டார், வலையும் கிடைக்காது.

மீனவருடையதல்லாத குப்பையும் அவர் தலையில்தான் விழுகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. இலங்கையின் மேற்குக் கரையில் மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள். இழப்பீடாக நூறு கோடி டாலர் கொடுக்கும்படி இலங்கை உச்ச நீதிமன்றம் ஆணையிட 2025 ஜூலை ஆயிற்று. அதே 2025இல் மே 25 அன்றுதான் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. வெள்ளைக் குருணைகள் திருவனந்தபுரம் கரைக்கும் நம் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்து ஒதுங்கின. மீனை வாங்க மக்கள் பயந்தார்கள். கடலடியில் கிடந்த பெட்டகங்களில் மாட்டி வலை கிழிந்ததாகக் கேரள மீனவர்கள் சொன்னார்கள். மணலைச் சலித்து அந்தக் குருணையைப் பொறுக்க முன்வந்தவர்களிலும் கரையோர மக்கள் இருந்தார்கள். நீண்டகரையிலேயே பாருங்கள். மழைக்காலத்தில் அஷ்டமுடிக் காயல் கொல்லம் நகரத்தின் குப்பையை முகத்துவாரம் வழியாகக் கொண்டுவந்து அவர்கள் மடியில் கொடுக்கிறது. ஓடையில் ஒரு வலை கட்டி அங்கேயே பிடித்திருக்க வேண்டியதை, இருபது பாகம் ஆழத்திலிருந்து மீனவர் எடுத்துத் தருகிறார்.

அப்படியானால் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டாமா? இதில் உலகம் மூன்று வழியில் போகிறது. நெதர்லாந்தில் 2000இல் தொடங்கி 2005இல் ஸ்காட்லாந்துக்கு வந்த குப்பைக்கான மீன்பிடிப்புத் திட்டத்தில் மீனவருக்குப் பணம் கிடையாது. பை இலவசம், துறைமுகத்தில் இறக்க இடம் இலவசம், அகற்றும் செலவு திட்டத்துடையது. வலையில் தானாக வந்த குப்பையை இறக்குவதற்கு மீனவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது. தென்கொரியா இன்னொரு வழியில் போனது. 2003 முதல் அங்கே அரசு மீனவரிடமிருந்து கடல் குப்பையைப் பைக் கணக்கில் விலைக்கு வாங்குகிறது. பிலிப்பைன்சின் டனஹோன் பவளத்திட்டில் 2012இல் தொடங்கிய ‘நெட்-ஒர்க்ஸ்’ மூன்றாவது வழி. கழிவு நைலான் வலையைக் கரையோரச் சேமிப்புக் குழுக்கள் வழியாக வாங்கி, ஸ்லோவேனியாவிலுள்ள ஆலைக்கு அனுப்பித் திரும்ப நைலான் நூலாக்கி, தரைவிரிப்புச் செய்தார்கள். வலை விற்ற காசு ஊரின் சேமிப்புக் கணக்கில் சேர்ந்தது.

நம் கரைக்கு எது பொருந்தும் என்று கேட்டால் என் கருத்தைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் படகுத் தொழிலாளியும் நம் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளியும் ஒரே பொருளாதாரத்தில் இல்லை. நம்மவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் எடைக்குக் காசு என்று வைத்தால் ஈரமும் சேறும் எடையில் ஏறும், கரையிலிருந்த குப்பையும் மூட்டையில் சேரும். அதனால் தளத்தில் வகை பிரிக்கும் தொழிலாளிக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கூடுதல் பணமும், கரையில் பிரிக்கும் பெண்களுக்கு மாதச் சம்பளமும், வலைக்கு மட்டும் கிலோ விலையும் என்று பிரித்துவைக்கலாம். படகு உரிமையாளர் கணக்கில் போடாமல் தொழிலாளி கையில் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பணம் எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக் பொட்டலம் போட்டு விற்கும் நிறுவனங்கள் தங்கள் பொட்டலத்தைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைச் சட்டப்படி ஏற்றிருக்கின்றன. அந்தப் பொறுப்பின் கணக்கில் மடியில் ஏறிய கவரும் சேரட்டும். துறைமுகங்களில் குப்பையை வாங்கிக்கொள்ளும் வசதி செய்வது அரசின் கடமை என்று கப்பல் மாசுத் தடுப்பு உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடலில் பிளாஸ்டிக் போடாதே என்ற பாதியை மீனவரிடம் சொல்கிறோம். மறுபாதி அரசுக்கானது.

கூலியோடு முடியவில்லை, முடிவெடுப்பதில் மீனவருக்கு இடம் வேண்டும். இதற்கும் அஷ்டமுடியே சாட்சி. அந்தக் காயலில் மட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஏற்றுமதி ஆசையில் அளவுக்கு மீறி எடுத்து, வரத்து சரசரவென்று விழுந்தது. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையோடு விதிகள் வந்தன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை, வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, குஞ்சு மட்டியை விற்பதில்லை. காயலில் இறங்குபவர்களே அந்த விதிகளைக் காத்தார்கள். 2014இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்று பெற்ற இந்தியாவின் முதல் மீன்பிடிப்பு அதுதான். விதியை ஏற்க மறுப்பவர்கள் என்று மீனவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மட்டிக்காரர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நம் கரையில் ஊர்க்கமிட்டியும் நாட்டார் பஞ்சாயத்தும் எந்த வலை எப்போது, எங்கே என்பதை நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்திருக்கின்றன. குப்பைத் திட்டம் வகுக்கும் கூட்டத்தில் மட்டும் அவர்கள் கடைசி வரிசையில் பார்வையாளர்களாக உட்கார வேண்டுமா? பையின் அளவு என்ன, அதைப் படகில் எங்கே கட்டுவது, இறங்குதளத்தில் எந்த மூலையில் இறக்குவது, எத்தனை மணிக்கு வண்டி வர வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் சரியாக வரும். அதிகாலை மூன்று மணிக்குக் கரை சேரும் படகுக்குப் பத்து மணிக்குத் திறக்கும் குப்பை மையத்தால் என்ன பயன்?

மீன்வளத் துறை அலுவலர்களிடமும் இங்கே வந்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். படகுகளெல்லாம் கரையில் நிற்கும் காலம். வலைக்கொட்டகைகளில் மடியை விரித்துப் போட்டு, கிழிந்த பாகத்தை வெட்டி எடுத்துப் புதுக் கண்ணி போடும் காலமும் அதுவே. ஆண்டின் வலைக்கழிவில் பெரும்பங்கு அந்த இரண்டு மாதத்தில், ஒரே இடத்தில், உப்புக்கூட உலர்ந்த நிலையில் நம் கண்முன்னே கிடக்கிறது. ஒவ்வொரு துறைமுகத்திலும் வலை பின்னுபவர்களை முதலில் அழைத்துப் பேசுங்கள். எது நைலான், எது மற்றப் பிளாஸ்டிக் கயிறு என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். வெட்டிய இடத்திலேயே இரண்டு சாக்காகப் பிரித்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. சாக்கும், எடைக்கல்லும், மாலைக்குள் கையில் காசும் இருந்தால் வரும் தடைக்காலத்திலேயே ஒரு துறைமுகத்தில் தொடங்கிவிடலாம். மடியில் ஏறும் குப்பைக்கான கொட்டகையை ஜூன் 15 அன்று முதல் படகு திரும்புவதற்கு முன் கட்டி முடித்தால் போதும்.